தெருப் பூனைகளுக்குக் குடும்பக் கட்டுப்பாடு: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்திலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் தெருப் பூனைகளைப் பிடித்து, கருத்தடை ஆபரேஷன் செய்து, பிடித்த இடத்திலேயே திரும்பக் கொண்டுவந்து விடுகிறோம். மனிதரோடு பழகக்கூடிய வயதில் இருக்கும் குட்டிகளுக்கு வீடு பார்த்துக் கொடுக்கிறோம். நாங்கள் எட்டுப் பேர். இரண்டு ஆசிரியைகள், ஒரு ஆட்டோ ஓட்டுநர், பூக்கடை வைத்திருக்கும் ஒரு அக்கா, கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேர், அப்புறம் நான். இரவில் கூண்டும் கையுமாகத் தெருமுனையில் நிற்கும்போது போகிறவர் வருகிறவர் கேட்கும் கேள்விகளையே இங்கே தொகுத்திருக்கிறேன்.

பூனை அது பாட்டுக்கு இருக்கிறது. அதைப் பிடித்து எதற்கு ஆபரேஷன்?

ஒரு பெட்டைப் பூனை நாலைந்து மாதத்திலேயே சினைப் பிடிக்கும் வயதுக்கு வந்துவிடும். சினைக் காலம் 63 முதல் 65 நாள். ஈற்றுக்கு மூன்று முதல் ஐந்து குட்டி. குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடி சினைப் பிடிக்கவும் கூடும்.

பூனையின் இனப்பெருக்கம் பகல் வெளிச்சத்தைப் பொறுத்தது. குளிர் நாடுகளில் பகல் குறுகும் மாதங்களில் அதற்கு ஓர் இடைவெளி கிடைக்கும். நம் ஊரில் மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம்தான் வித்தியாசம். அதனால் இங்கே அந்த ஓய்வு பெரும்பாலும் இல்லை. வருடம் முழுக்கக் குட்டிதான்.

எங்கள் தெருவில் ஓட்டு வீட்டுப் பரண் ஒன்றில் வெள்ளை, கறுப்பு, செம்பழுப்பு மூன்று நிறமும் கலந்த பூனை ஒன்று இருந்தது. தை மாதம் ஒரு ஈற்று, வைகாசியில் ஒன்று, புரட்டாசியில் ஒன்று. மொத்தம் பதினொரு குட்டிகள். சிலவற்றை நாய் பிடித்தது, சில வயிற்றுப்போக்கில் போயின, இரண்டு லாரியில் அடிபட்டன. கார்த்திகைக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்று. தாயோ முதுகெலும்பு தெரிய, மயிர் கொட்டி, ஏழெட்டு வயசுக் கிழம் போலத் தெரிந்தது. அதற்கு அப்போது வயது இரண்டுகூட ஆகியிருக்காது. இந்த வேலையை நாங்கள் ஆரம்பித்ததே அந்தப் பூனையால்தான்.

குட்டி போடும் பாக்கியத்தைத் தடுப்பது பாவம் இல்லையா?

என் அப்பாயியும் இதையே கேட்டார். பரணிலிருந்து ஒவ்வொன்றாகக் கீழே வந்த குட்டிகளைக் கொல்லையில் நான்தான் குழி தோண்டிப் புதைத்தேன் என்று சொன்னேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. ஆபரேஷன் நாளன்று கூண்டின் மேல் போர்த்தத் தன் பழைய சேலை ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார்.

பிடித்துத் தூரத்தில் எங்காவது விட்டுவிட்டால் வேலை முடிந்ததே?

எங்களிடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. எங்களை அதிகமாக வருத்தப்பட வைப்பதும் இதுதான். டெல்டாவில் இது பரம்பரை வழக்கம் மாதிரி ஆகிவிட்டது. சாக்குப் பையில் போட்டு, சுருக்கிக் கட்டி, சைக்கிளிலோ வண்டியிலோ எடுத்துப் போய் ஆற்றுக்கு அந்தப் பக்கம் விடுவது. அரசலாற்றைத் தாண்டி, கொள்ளிடத்தைத் தாண்டி, இல்லாவிட்டால் ஏதாவது மீன் மார்க்கெட் வாசலில். "மீன் கிடைக்கும், பிழைத்துக்கொள்ளும்" என்று மனசைத் தேற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

அது பிழைத்துக்கொள்வதில்லை. பூனைக்குத் தன் இடம்தான் எல்லாம். எந்தச் சுவரில் ஏறினால் நாய்க்கு எட்டாது, எந்த வீட்டுக் கொல்லைக் கதவு எத்தனை மணிக்குத் திறக்கும், மழைக்கு எந்த வைக்கோல் போரின் அடியில் ஒதுங்கலாம் என்பதெல்லாம் அதற்கு மனப்பாடம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்ட நொடியில் அத்தனையும் போய்விடுகிறது. அங்கே ஏற்கெனவே இருக்கும் கடுவன் பூனைகள் அதை விரட்டும். பல பூனைகள் பழைய இடத்தைத் தேடி நடக்க ஆரம்பித்துச் சாலையிலேயே முடிந்துபோகின்றன.

சரி, பூனை இல்லாமல் போன பழைய இடத்தில் என்ன ஆகும்? அந்த இட்லிக் கடை அங்கேயே இருக்கிறது, மீன் கழுவும் தண்ணீர் அங்கேயே ஓடுகிறது, எலியும் அங்கேயே இருக்கிறது. சாப்பாடு இருக்கும் இடம் காலியாக இருக்காது. பக்கத்துத் தெருவிலிருந்து ஆபரேஷன் ஆகாத புதுப் பூனை ஜோடி வந்து உட்காரும், ஆறு மாதத்தில் பழைய கணக்கே திரும்பிவிடும். ஆபரேஷன் ஆன பூனை அதே இடத்தில் இருந்தால், குட்டியும் போடாது, புதுப் பூனையையும் எளிதில் அண்ட விடாது. திரும்ப அதே இடத்தில் விடுவதுதான் இந்த வேலையின் உயிர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பசியாலும் தாகத்தாலும் தவிக்கும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவின்படி குற்றம்.

எப்படிப் பிடிக்கிறீர்கள்?

பொறிக் கூண்டு வைத்து. வலை வீசுவதில்லை, சாக்கு போடுவதில்லை, விரட்டுவதில்லை.

கூண்டு மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஓரடிக்குக் கொஞ்சம் கூடுதலான உயரம். உள்ளூர் வெல்டிங் பட்டறையிலேயே செய்து வாங்கினோம். முதலில் செய்ததில் கம்பி வலையின் கண் பெரிதாகப் போய்விட்டது. உள்ளே மாட்டிய பூனை முகத்தை அதில் இடித்து இடித்து மூக்கைக் கிழித்துக்கொண்டது. இப்போது அரை அங்குலக் கண் உள்ள வலைதான் போடுகிறோம். கூண்டின் கடைசியில் ஒரு தகடு. பூனை அதை மிதித்ததும் பின்னால் கதவு விழும். தகடு தெரியாதபடி மேலே ஒரு தினத்தாள் விரித்துவிடுவோம்.

உண்மையான வேலை அதற்கு ஒரு வாரம் முன்னாலேயே ஆரம்பித்துவிடும். அந்தத் தெருவில் பூனைகளுக்குச் சோறு வைப்பவர் யாராவது கட்டாயம் இருப்பார். ஒரு டீக்கடைக்காரர், ஒரு பாட்டி, மீன் வெட்டும் ஒரு அம்மா. முதலில் அவரைப் பார்த்துப் பேசுவோம். அவர் ஒத்துழைக்காவிட்டால் ஒரு பூனையையும் பிடிக்க முடியாது. தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் வைக்கச் சொல்வோம். மூன்றாம் நாள் கூண்டைக் கொண்டுபோய், கதவு விழாதபடி கட்டிவிட்டு, சாப்பாட்டைக் கூண்டின் வாசலில் வைப்போம். அடுத்த நாள் ஒரு சாண் உள்ளே. அதற்கடுத்த நாள் இன்னும் உள்ளே. வாரக் கடைசியில் பூனை தயக்கமில்லாமல் உள்ளே போய்ச் சாப்பிட்டு, உள்ளேயே உட்கார்ந்து முகம் துடைத்துக்கொண்டிருக்கும். பிடிக்கும் நாளுக்கு முந்தைய வேளை மட்டும் யாரும் சோறு வைக்கக் கூடாது. தெரு முழுக்க வீடு வீடாகப் போய் இதைச் சொல்லிவிட்டு வருவோம். ஒரு வீட்டில் மறந்தாலும் எல்லாம் வீண்.

கதவு விழுந்ததும் பூனை சுழன்று சுழன்று மோதும். அந்த நேரத்தில் யாரும் குனிந்து பார்க்கக் கூடாது, "ச்சூ ச்சூ" என்று ஆறுதல் சொல்லக் கூடாது. கையில் தயாராக வைத்திருக்கும் பழைய கைலியைக் கூண்டு முழுதும் மூடும்படி ஒரே வீச்சில் போர்த்திவிட வேண்டும். இருட்டு வந்ததும் பூனை அடங்கிவிடும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது அதிசயம்தான். கம்பி அதிர அலறிக்கொண்டிருந்தது, துணி விழுந்த பத்து எண்ணுவதற்குள் மூச்சு மட்டும் கேட்கும்படி ஆகிவிடும்.

காய்கறி மார்க்கெட் பக்கம் என்றால் விடிகாலை லாரிகள் வருமுன். தெரு என்றால் இரவு பத்துக்கு மேல். கூண்டை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவது கிடையாது. கண் பார்வையில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். நாய் வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கூண்டில் என்ன வைப்பீர்கள்? எங்கள் அக்கிரகாரத்தில் கருவாடு எல்லாம் கொண்டுவர முடியாதே.

கொண்டுவர மாட்டோம். அந்தப் பூனை தினமும் எதைச் சாப்பிடுகிறதோ அதுவே சரியான இரை. கடலோர ஊர்களில் மத்தி மீன், நெத்திலிக் கருவாடு. அக்கிரகாரத்துப் பூனை நெய் விட்ட சாதத்துக்கும் தயிர்சாதத்துக்கும் வந்திருக்கிறது.

கூண்டைக் கண்டாலே ஓடும் பூனையை என்ன செய்வது?

ஒருமுறை கதவில் தப்பித்த பூனை இரண்டாம் முறை கூண்டுக்குள் காலை வைக்காது. அதற்கு நம் வீட்டுப் பஞ்சாரம்தான் வழி காட்டியது. கோழியைக் கவிழ்த்து மூடுகிறோமே, அதே யோசனை. அடிப்பக்கம் திறந்த பெரிய வலைப் பெட்டி, ஒரு பக்கத்தைக் குச்சியால் தூக்கி நிறுத்தி, குச்சியில் நீளமான கயிறு. பூனை நடுவில் வந்து தலையைக் குனிந்து சாப்பிடும்போது கயிற்றை இழுக்க வேண்டும். பெட்டியின் ஒரு பக்கத்தில் மேலே தூக்கும் கதவு வைத்திருக்கிறோம். அங்கே சாதாரணக் கூண்டை ஒட்டி வைத்துத் துணியால் மூடினால், வெளிச்சத்தை விட்டு இருட்டுக்குப் பூனை தானாக மாறிவிடும். மூங்கில் பஞ்சாரத்தையே வைத்து முயல வேண்டாம். பூனை அதைப் புரட்டிக்கொண்டு போய்விடும்.

எந்த டாக்டரிடம் போவது? கால்நடை மருந்தகத்தில் செய்வார்களா?

நம் பக்கத்துக் கால்நடை மருந்தகங்களின் அன்றாட வேலை பெரும்பாலும் மாடும் ஆடும்தான். அங்கே இருப்பவர்கள் நல்ல டாக்டர்களாக இருக்கலாம். ஆனால் பூனைக்கு மயக்க மருந்தின் அளவு, உடல் சூடு இறங்கும் வேகம், வலி மருந்து எல்லாமே வேறு. பூனை ஆபரேஷன் வழக்கமாகச் செய்பவரா என்று முதலிலேயே மரியாதையாகக் கேட்டுவிடுங்கள். நல்ல டாக்டர்கள் யாரும் அதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சிக்கலான நிலைமை என்றால் அங்கே விசாரிக்கலாம்.

டாக்டரிடம் நாள் வாங்கிவிட்டுத்தான் கூண்டு வைக்க வேண்டும். பிடித்துவிட்டு டாக்டரைத் தேடினால் பூனை இரண்டு மூன்று நாள் கூண்டிலேயே கிடக்கும்.

வளர்ந்த பூனைக்கு ஆபரேஷனுக்கு முன் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும். குட்டிகளுக்கு அவ்வளவு நேரம் ஆகாது, சர்க்கரை இறங்கிவிடும். எத்தனை மணி நேரம் என்று டாக்டரையே கேளுங்கள். பெட்டைக்குக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுப்பார்கள், கடுவனுக்கு விதைகளை எடுப்பார்கள். உள்ளே கரைந்துவிடும் தையல்தான் போட வேண்டும் என்பதைச் சொல்லிவிடுங்கள். தையல் பிரிக்கத் தெருப் பூனையை மறுபடி யார் பிடிப்பது? மயக்கத்தில் இருக்கும்போதே வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டுவிடுகிறோம்.

காதை ஏன் வெட்டுகிறீர்கள்? கொடுமையாக இருக்கிறதே.

இடது காதின் நுனியில் அரை முதல் ஒரு சென்டிமீட்டர் வரை, நேர்கோடாக, மயக்கத்தில் இருக்கும்போது எடுக்கிறார்கள். சில நாளில் ஆறிவிடும். தூரத்திலிருந்து பார்த்தாலே "இதற்கு ஆபரேஷன் ஆகிவிட்டது" என்று தெரிய வேண்டும் என்பதற்காக.

காது அடையாளம் இல்லாமல் வேறு யாரோ ஆபரேஷன் செய்து விட்டிருந்த ஒரு பெட்டையை நாங்கள் பிடித்துவிட்டோம். மயக்கம் கொடுத்து, வயிற்று மயிரை மழித்த பிறகுதான் பழைய தழும்பு, நூல் மாதிரி, டாக்டர் கண்ணில் பட்டது. கத்தி வைக்குமுன் தெரிந்ததே பெரிய விஷயம். ஆனாலும் அந்தப் பூனை காரணமில்லாமல் ஒரு நாள் பட்டினி கிடந்து, கூண்டில் மிரண்டு, மயக்க ஊசியும் வாங்கிக்கொண்டது. காதுநுனி போகும் நஷ்டம் இதோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

ஆணா பெண்ணா என்று தூரத்திலிருந்தே தெரியுமா?

மூன்று நிறம் கலந்த பூனை கிட்டத்தட்ட எப்போதும் பெட்டைதான். செம்பழுப்பு நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் அப்படி. முழுச் செம்பழுப்பில் கடுவன்கள்தான் அதிகம். நல்ல வயசான கடுவனுக்குக் கன்னம் இரண்டும் உப்பி முகம் அகலமாக இருக்கும்.

பால் கொடுக்கும் பூனை மாட்டிக்கொண்டால்?

ஆரம்பத்தில் நாங்கள் செய்த பெரிய தவறு இதில்தான். மாலையில் ஒரு சாம்பல் நிறப் பெட்டை மாட்டியது. அவசரமாகத் துணியைப் போர்த்தினோம், காலையில் ஆபரேஷன். மயிரை மழித்த டாக்டர் என்னைக் கூப்பிட்டு, விரலால் அழுத்திக் காட்டினார். காம்பிலிருந்து பால் வந்தது. குட்டிகள் எங்கே இருக்கின்றன என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மத்தியானம் முழுக்க அந்தத் தெருவில் வீடு வீடாகத் தேடினோம். ஒரு பூட்டிய வீட்டின் விறகுக் கொட்டகையிலிருந்து சத்தம் கேட்டது. நான்கில் மூன்றுதான் உயிரோடு இருந்தன.

அன்றிலிருந்து பெட்டை மாட்டினால், துணியைப் போர்த்துமுன் டார்ச் அடித்து வயிற்றைப் பார்க்கிறோம். காம்பைச் சுற்றி மயிர் உதிர்ந்து வட்டமாகத் தோல் தெரிந்தால், இளஞ்சிவப்பாகக் காம்பு நீண்டிருந்தால், குட்டி இருக்கிறது என்று அர்த்தம். குட்டிகள் சிறியவை என்றால் அப்படியே கதவைத் திறந்து விட்டுவிடுகிறோம். ஐந்தாறு வாரம் கழித்து, குட்டிகள் தானாகத் தின்ன ஆரம்பித்ததும், தாயையும் குட்டிகளையும் சேர்த்துப் பிடிக்கிறோம்.

சினையாக இருந்தால் டாக்டரோடு பேசித்தான் முடிவு. ஆரம்பச் சினையில் ஆபரேஷன் செய்வார்கள். மாதம் முற்றியிருந்தால், எங்களால் முடிந்தவரை யாராவது ஒருவர் வீட்டு அறையில் வைத்துக் குட்டி போட விட்டு, அப்புறம் எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்கிறோம். எல்லா இடத்திலும் இது சாத்தியம் இல்லை. இது பற்றி எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு.

ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்?

கடுவனை மறுநாள் விடலாம். பெட்டையை நாங்கள் மூன்று நாள் வைத்துக்கொள்கிறோம். எங்கள் ஆட்டோக்காரர் வீட்டு மாட்டுக்கொட்டகை இப்போது காலியாக இருக்கிறது, அதுதான் எங்கள் வார்டு. மயக்கத்திலிருந்து எழும் பூனையின் கண் திறந்தே இருக்கும், உடம்பு சில்லென்று இருக்கும். பயப்பட வேண்டாம். சாக்கை மடித்துப் போட்டு, வெந்நீர் ஊற்றிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம். தானாக எழுந்து தலையை நேராகப் பிடிக்கும்வரை சாப்பாடு கூடாது.

வலிக்கிறதே என்று மனிதருக்கு வாங்கும் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். கால் மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடும். அதன் ஈரலால் அந்த மருந்தைச் சிதைக்க முடியாது. நாய்க்கான உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் என்று எழுதியிருந்தால் அதுவும் பூனைக்கு விஷம்.

வருடத்தில் எப்போது இந்த வேலை நடக்கும்?

வடகிழக்குப் பருவமழை அடித்துப் பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் நிறுத்திவிடுகிறோம். நனைந்த கூண்டும் புதுத் தையலும் ஒத்துவராது. தை முதல் நன்றாக நடக்கும்.

நாகப்பட்டினம், தரங்கம்பாடி, பூம்புகார் பக்கம் போவதற்கு எங்களுக்குப் பிடித்த காலம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் இறங்குதளத்தில் கழிவு குறைந்துவிடும். மற்ற நாட்களில் கருவாட்டை ஏறெடுத்தும் பார்க்காத பூனைகள் அப்போது கூண்டுக்குள் வரும். படகுக்குப் போகாத அண்ணன்மார்கள் வலை பின்னிக்கொண்டே எங்களுக்குப் பூனைகளை அடையாளம் காட்டுவார்கள். அந்த இரண்டு மாதம் அங்கே பூனைகளுக்குப் பசி கடுமையாக இருக்கும். பிடிக்கப் போகிறவர்கள் திரும்பி வரும்போது கொஞ்சம் தீவனமும் வைத்துவிட்டு வர வேண்டும். கோடை என்பதால் கூண்டை ஒருபோதும் வெயிலிலோ பூட்டிய காரிலோ வைக்கக் கூடாது.

தனியாகக் கத்தும் குட்டியைப் பார்த்தேன். எடுத்து வரலாமா?

உடனே வேண்டாம். தாய் இரை தேடப் போயிருக்கலாம், இல்லை இடம் மாற்றிக்கொண்டிருக்கலாம். ஒவ்வொன்றாகத்தான் வாயில் கவ்விக்கொண்டு போகும். தள்ளி நின்று சில மணி நேரம் கவனியுங்கள். குட்டி கொழுகொழுவென்று, சுத்தமாக, பேசாமல் தூங்கினால் தாய் இருக்கிறது. அழுக்காக, ஒட்டிய வயிறோடு, விடாமல் கத்தினால், நாயோ வெயிலோ எட்டும் இடத்தில் இருந்தால், எடுங்கள்.

எடுத்ததும் பால் கொடுக்காதீர்கள். முதலில் சூடு. குளிர்ந்துபோன குட்டிக்குக் குடித்தது செரிக்காது. சூடேறியபின், பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால் பவுடரைக் கரைத்து, குப்புறப் படுத்த நிலையில், சின்னப் பாட்டிலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. மல்லாத்திப் போட்டுக் கொடுத்தால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். பசும்பால் குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கைக் கொடுக்கும், அந்த வயதில் வயிற்றுப்போக்கு என்பது உயிர் போகிற விஷயம். ஒவ்வொரு முறையும் ஈரப் பஞ்சால் அடியில் மெல்லத் தடவிவிட வேண்டும், தாய் நக்குவது போல. அப்போதுதான் சிறுநீர் போகும்.

எந்தக் குட்டிகளுக்கு வீடு பார்க்கிறீர்கள்?

இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை பூனைக்குட்டி யாரைப் பார்த்துப் பழகுகிறதோ அவர்களை நம்பும். அதற்குள் மனிதக் கை பட்டால் வீட்டுப் பூனை ஆகும். மூன்று நான்கு மாதம் தாண்டிய, சீறும் குட்டியை வீட்டுக்குள் அடைத்தால் அலமாரிக்கு அடியிலேயே வாழ்ந்து முடிக்கும். அதற்கு ஆபரேஷன் செய்து அதன் தெருவிலேயே விடுவதுதான் நியாயம்.

எட்டு வாரத்துக்கு முன் யாருக்கும் கொடுப்பதில்லை. பூனைக்கான முக்கூட்டுத் தடுப்பூசியின் முதல் தவணை போட்டுத்தான் கொடுப்போம். பான்லூக்கோபீனியா என்ற குடல் நோய் வந்தால் ஒரு ஈற்றுக் குட்டிகள் முழுக்க இரண்டு நாளில் போய்விடும், அதன் கிருமி ஒரு வருடம்வரைகூட இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். உங்கள் வீட்டில் அண்மையில் குட்டிகள் அப்படி இறந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கொடுக்காமல் விடுவதற்காகக் கேட்கவில்லை, தடுப்பூசி முழுதும் முடிந்த பூனையாகப் பார்த்துக் கொடுப்போம்.

வீட்டுக்கு வந்து பார்ப்போம். கிணறு மூடியிருக்கிறதா, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் எப்படி, வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா. மாமியாருக்குப் பிடிக்காத வீட்டில் பூனை நிலைக்காது, இது அனுபவம். குட்டிக்கு ஆறு மாதம் ஆவதற்குள் ஆபரேஷன் செய்வதாக வாக்குக் கொடுக்க வேண்டும், ஏற்பாட்டை நாங்களே செய்வோம். முடிந்தால் இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றோடொன்று விளையாடும் குட்டிகள் உங்கள் கையைக் கடிப்பதில்லை.

வளர்ந்த காட்டுப் பூனை மாதிரி இருப்பதை அரிசி ஆலைக்குக் கொடுப்பீர்களா? எலி தொல்லை தாங்கவில்லை.

அதன் பழைய இடம் இடிபட்டாலோ, உயிருக்கு ஆபத்து என்றாலோ மட்டும். கொண்டுவந்து திறந்துவிட்டால் அன்றிரவே ஓடிவிடும். ஆலைக்குள் ஓர் அறையிலோ பெரிய கூண்டிலோ மூன்று வாரமாவது அடைத்து, ஒரே ஆள், ஒரே நேரத்தில், ஒரே குரல் கொடுத்துச் சோறு வைக்க வேண்டும். நெல் மூட்டை வாசமும் மோட்டார் சத்தமும் பழகிய பிறகு திறக்கலாம். பிறகும் தினமும் சோறு வைக்க வேண்டும். "பட்டினி போட்டால்தான் எலி பிடிக்கும்" என்பது தவறு.

எங்கே பூனை இருக்கிறதோ அங்கே எலி மருந்து வைக்காதீர்கள். சிங்க் பாஸ்பைடும் புரோமடையலோனும் தின்ற எலி தள்ளாடும், தள்ளாடும் எலியைத்தான் பூனை முதலில் பிடிக்கும். வயலில் என்றால் தஞ்சாவூர் கிட்டி என்ற நம் எலிப்பொறி இருக்கிறது. மூங்கில் வில்லும் கயிறும்தான், விஷமே இல்லை. வயலில் ஆந்தை உட்காரக் குச்சி நட்டு வைப்பதும் பலன் கொடுக்கும்.

பூனை பிறாண்டிவிட்டது, கடித்துவிட்டது. என்ன செய்ய வேண்டும்?

ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். வெறிநோய் பூனையிடமிருந்தும் வரும், தடுப்பூசி அங்கே இலவசம். பூனைப் பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்கும். மேலே சின்னப் புள்ளி போல இருந்தாலும் ஒரே நாளில் கை வீங்கிவிடும். சிறு காயம் என்று விடாதீர்கள்.

வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாள். பூனையை விரட்ட வேண்டுமா?

வேண்டாம். டாக்ஸோபிளாஸ்மா கிருமி பூனையின் மலத்தில் வரலாம், ஆனால் வெளியே வந்து ஒரு நாளாவது ஆன பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும். பூனை மலத்தை வேறு யாராவது தினமும் அள்ளிவிடட்டும். சரியாக வேகாத கறியாலும் தோட்டத்து மண்ணாலும் இது வரக்கூடும். கை கழுவுங்கள், கறியை நன்றாக வேக வையுங்கள்.

பூனை குறுக்கே போனால் சகுனம் சரியில்லை என்கிறார்களே?

அது எலியைத் துரத்திக்கொண்டு போகிறது.

பக்கத்து வீட்டுக்காரர் விஷம் வைப்பேன் என்கிறார்.

விலங்கை விஷம் வைத்துக் கொல்வது பாரதிய நியாய சன்ஹிதா 325ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டுவரை சிறைத் தண்டனை உள்ள குற்றம். இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் பேச்சை இதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள்.

அவருக்கு என்ன பிரச்சினை என்று கேளுங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். ராத்திரிச் சண்டைச் சத்தம், சுவரில் மூத்திர நாற்றம், வீடு கட்டக் கொட்டிய மணலில் மலம். முதல் இரண்டும் கடுவன் ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரத்தில் பெரும்பாலும் குறைந்துவிடும். மணலுக்குத் தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லி, நீங்களே ஒரு தார்ப்பாய் வாங்கிக் கொடுங்கள். சோறு வைப்பவர் வீட்டுக் கொல்லையில் ஒரு மூலையில் மணல் கொட்டி வைத்தால் பூனைகள் அங்கே போகும். வைத்த சோறு அரை மணி நேரத்துக்குமேல் கிடக்கக் கூடாது, தட்டை எடுத்துக் கழுவிவிடுங்கள். எறும்பும் ஈயும்தான் பாதிச் சண்டைக்குக் காரணம். இப்படி ஆரம்பத்தில் கத்திய ஒருவர்தான் இன்று எங்கள் கூண்டுகளைத் தன் வீட்டுத் திண்ணையில் வைக்க இடம் கொடுத்திருக்கிறார்.

எங்கள் தெருவில் முப்பது பூனைகள். எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஒரு நோட்டு வாங்குங்கள். பத்து நாள், சோறு வைக்கும் நேரத்தில் நின்று, ஒவ்வொரு பூனைக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள். நிறம், வால் முழுசா மொட்டையா, பெட்டையா கடுவனா, எந்த வீட்டிலிருந்து வருகிறது, எத்தனை மணிக்கு. போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது என்று நினைத்தது பதினெட்டாகக்கூட இருக்கும், ஒன்றையே இரண்டு மூன்று தடவை எண்ணியிருப்பீர்கள்.

அப்புறம் பெட்டைகளை முதலில் பிடியுங்கள். ஊருக்கு ஒன்று இரண்டாகச் செய்வதில் பலன் இல்லை. நாலில் மூன்றுக்கு மேல் ஆபரேஷன் ஆன தெருவில்தான் குட்டிகள் கண்ணுக்குத் தெரியும்படி குறையும். அதனால் ஒரு தெருவை முடித்துவிட்டு அடுத்த தெரு. கூண்டு எங்களிடம் இருக்கிறது, எடுத்துப் போகலாம். முதல் இரண்டு இரவு எங்களில் ஒருவர் கூட வந்து நிற்போம். வரும்போது அந்த நோட்டைக் கொண்டுவாருங்கள். உங்கள் தெரு அடிபம்புக்குப் பக்கத்தில் ஒரு மூவர்ணப் பூனை வந்தால், அது எத்தனை மணிக்கு வருகிறது என்பதைக் கட்டாயம் எழுதியிருக்க வேண்டும்.